ஊடு என்று எழுதியது ஒரு குற்றமா?

இன்று காலை என் அக்கா மகளின் பள்ளிக்கூடம் கிடுகிடுத்துப் போனது. போனவன் நானல்லவா!

மூன்றாம் வகுப்புப் பிள்ளை. கட்டுரையில் "எங்க ஊடு மண்ணரையில இருக்குதுங்க" என்று எழுதியிருக்கிறாள். மண்ணரை எங்கள் ஊர்; வீட்டுக்கு எங்கள் பேச்சில் ஊடு. டீச்சர் அதை உரக்கப் படித்துக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது.

"இனி பள்ளிக்கூடம் போகமாட்டேனுங்க மாமா" என்று ஒரே அழுகை.

பனியன் கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் பார்த்தவன், சும்மா விடுவேனா?

"ஏனுங்க டீச்சர், பீஸ்ல டேமேஜ் இருந்தா நாங்க ஸ்டிக்கர் ஒட்டி, சரிபண்ண ஆல்டருக்கு அனுப்புவோமுங்க. மைக்குல சொல்லிச் சிரிக்க மாட்டோமுங்க!"

"பரீட்சையில ஊடுன்னு எழுதுனா மார்க் போயிருமுங்களே?"

"திருத்துங்க, வேண்டாங்கல. புள்ளையவே எதுக்குங்க ரிஜெக்ட் பண்றீங்க?"



புகாரை எழுதித் தரச் சொன்னார்கள். "வன்மையாகக் கன்டிக்கிறேன்" என்று எழுதி நீட்டினேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவால் ஓர் எழுத்தைச் சத்தமில்லாமல் வட்டமிட்டு என் பக்கம் தள்ளினார். யாரும் பார்க்கவில்லை. "நாளைக்குப் பாப்பாவ அனுப்பி வைங்க" என்றார் மெதுவாக.

இதே மாதிரி அவளுக்கும் செய்திருக்கலாமே! அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நாளை நானே கூட்டிப் போகிறேன். அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அந்த எழுத்துக்கு இரண்டு சுழியா, மூன்று சுழியா?

சிரிக்காமல் சொல்லுங்கள்.