பெரியம்மா அவித்த சீமைப் புடிங்

பெரியப்பாவின் இங்கிலாந்துக் கதையில் இரண்டு பகுதிகள் இருந்தன: கண்டவை, உண்டவை. கண்டவை சீக்கிரம் முடிந்துவிடும். அரண்மனை, பாலம், மணிக்கூண்டு, மூடுபனி. உண்டவற்றுக்கு ஒரு மாலை போதாது. ரயில்வேயில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர், ஓய்வு பெற்ற கையோடு பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு சீமை பார்க்கப் போனார். அப்படிப் போய்வந்த தம்பதி எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் குடியிருப்பில் வேறு யாரும் இல்லை. ஆகவே அவர்கள் திரும்பியபின் அந்த வீட்டு முன்னறையில் பல நாட்கள் கூட்டம் குறையவில்லை.

பெரியம்மா முதலில் போக மறுத்தார். தீட்சை பெற்றவர்; முட்டை உடைத்த கையால் தண்ணீர் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். அங்கே எதில் எதைக் கலப்பார்களோ, கேட்டறியத் தனக்கு ஆங்கிலமும் தெரியாதே என்பதுதான் அவர் பயம். கடைசியில் பெரியப்பா கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். தான் விசாரித்துச் சைவம் என்று சொல்லாத எதுவும் பெரியம்மாவின் வாயில் படாது என்றார். அதை நம்பித்தான் பெரியம்மா கிள்ளானுக்கு அப்பாலிருந்த துறைமுகத்தில் கப்பல் ஏறினார்.

திரும்பி வந்தபின் அவர் அதிகம் பேசவில்லை. குளிர், பாண் ரொட்டி, வாழைப்பழம், அவ்வளவுதான். ஒன்றைப் பற்றி மட்டும் முகம் மலரச் சொல்வார்: தங்கியிருந்த வீட்டுக்காரி ஆவியில் அவித்துக் கொடுத்த இனிப்புப் புடிங். அங்கே அவர் வயிறாரச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான். அதற்கு வேண்டிய வெள்ளைத் துருவலை ஒரு டின்னில் கொண்டும் வந்திருந்தார். தேங்காய்ப்பூ மாதிரி, அந்த ஊர்க் கொட்டை ஒன்றின் துருவல் என்று பெரியப்பா சொல்லியிருந்தார்.

கோயில் தலைவர் குடும்பத்தோடு வந்த ஒரு மாலையில் பெரியம்மா அதைப் பிட்டுப் பானையில் அவித்துப் பரிமாறினார். எல்லாரும் புகழ்ந்தார்கள். இன்னும் கொண்டுவரச் சொல்லி, அம்மாவோடு வந்திருந்த சிறுமியான என்னைக் குசினிக்கு அனுப்பினார்கள். அங்கே டின் திறந்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துச் சமையல் வகுப்பில் வெள்ளைக்கார ஆசிரியை இதே துருவலைத்தான் மாவோடு சேர்த்தார். சேர்க்கும் முன் இந்துப் பிள்ளைகளை ஜன்னலோரம் தள்ளி நிற்கச் சொல்லி, காரணத்தையும் சொன்னார். அவர் எங்களுக்காக எந்தக் கற்பூரத்தையும் அணைத்ததில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் அன்று எனக்கு இருந்தது பெருமை. சீமைச் சங்கதி ஒன்று எனக்கும் தெரியும் என்ற பெருமையில் தட்டோடு முன்னறைக்கு ஓடினேன்.

"எங்கட பள்ளிக்கூடத்திலயும் இது செய்யிறவை. மாட்டுக் கொழுப்புப் போட்டு."

பெரியப்பாதான் முதலில் சிரித்தார். கொழுப்பு இருப்பது புடிங்கில் அல்ல, இவளுக்குத்தான் என்றார். கோயில் தலைவர் வாயிலிருந்த துண்டை விழுங்கிவிட்டு, தேங்காயேதான், தனக்கு ருசி தெரியாதா என்றார். சாப்பிட்டுவிட்ட அத்தனை பேருக்கும் அது தேங்காயாக இருந்தே ஆக வேண்டியிருந்தது. அம்மா என்னைக் காதைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போய் அகப்பைக் காம்பால் அடித்தார். நான் சொன்னது பொய்யா, அல்லது சபையில் சொல்லக்கூடாத உண்மையா என்று அவர் முதலில் தீர்மானித்திருக்கலாம். இரண்டுக்கும் சேர்த்தே அடித்தார்.

விருந்தினர் போனபின் பெரியப்பா தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தார். நான் மூலையில் விசும்பிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் கையில் டின் இருந்தது.

"சமைக்கேக்க அந்த வீட்டுக்காரியோட சேந்து நீங்கள் சிரிச்சது இதுக்குத்தானே?"

பெரியப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"ருசியாயிருக்கு எண்டு நீர்தானே கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டனீர். பட்டினி கிடந்து சாகட்டும் எண்டு விடச் சொல்லுறீரோ?"

பெரியம்மா குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். ஈரத் தலையோடு டின்னை இறுக மூடினார். அதைச் சாக்கடைக் கானுக்குள் வீசுவார், கோயில் தலைவர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை சொன்னது உண்மை என்பார் என்று நான் காத்திருந்தேன். இரண்டையும் அவர் செய்யவில்லை. பெரியப்பா சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேரெதிரே, அலுமாரித் தட்டில் அதை வைத்தார்.

பெரியப்பாமீதும் அம்மாமீதும் எனக்குக் கோபம் இருந்தது. பெரியம்மாமீது அதைவிட அதிகம். உண்மை தெரிந்தும் எனக்காக அவர் வாய் திறக்கவில்லை. ஊருக்கு நான் பொய்க்காரியாகவே இருந்தேன்.

டின் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தது. பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, அதே இடத்தில் வைப்பார். பெரியப்பா தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். சீமைக் கதையும் அந்த வீட்டில் நின்றுபோயிற்று. இவ்வளவு நடந்தும் பெரியம்மாவுக்கு அந்தப் புடிங்கின் ஆசை விடவில்லையே என்று நினைத்து, அதற்கும் சேர்த்து அவர்மேல் கோபமாக இருந்தேன்.