மஞ்சள் பூசிய இலைக்கல்

முருகலட்சுமியை ஊரே கும்பிட்டது. அந்தக் கும்பிடு ஒவ்வொன்றும் அவள் மேல் விழுந்த பூட்டு!

முதுகுளத்தூரில் பிறந்து, கடலாடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். மிளகாய்க் காட்டில் களையெடுத்துக்கொண்டே தாவரவியல் படித்தவள். கல்லில் பதிந்துபோன பழங்கால இலைகளைப் பற்றி ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

சென்ற கோடையில் ஊருணியை ஆழப்படுத்தியபோது, ஜேசிபி ஒரு களிப்பாறையைப் புரட்டிப் போட்டது. அதன் முகத்தில் இலைகள்! நேற்று உதிர்ந்தவை போல நரம்புகூடத் தெரிந்தது. "ஆராய்ச்சிக்கு வேணும், நிறுத்துங்க" என்று கத்தினாள். யார் கேட்டார்கள்? இயந்திரத்தின் கை மறுபடி இறங்கியது. பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அய்யோ, அது மாரியாத்தா வேப்பிலை!"

இயந்திரம் நின்றது. கல் பிழைத்தது. அவள் மாட்டிக்கொண்டாள்.

அன்றே கல்லை நட்டுத் தகரக் கொட்டகை போட்டார்கள். எண்ணெய் ஊற்ற ஊற்றக் கல்லின் ஓரங்கள் பொரிந்து உதிர்ந்தன. மாமியார் ராமலெட்சுமி அங்கேயே பழியாய்க் கிடந்து வேண்டினாள். சிங்கப்பூரில் விபத்தில் சிக்கி நினைவிழந்து கிடந்த மகன், முருகலட்சுமியின் கணவன் யோகேஸ்வரன், கண் திறந்தான்.

எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்து முருகலட்சுமி இலையை விவரித்து எழுதினாள். வேப்பிலையின் விளிம்பில் பல் பல்லாய் இருக்கும், இதில் இல்லை. பக்க நரம்புகள் விளிம்பைத் தொடாமல் வளைந்து ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. இதுவரை யாரும் பெயரிடாத இனம்! ஆனால் அவள் வைக்கும் பெயர் செல்லுபடியாக வேண்டுமானால் மூலக்கல் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்தாக வேண்டும். இலை அழிந்தால் பெயரும் இல்லை, அவள் பட்ட பாடும் இல்லை.

ஆடிச் செவ்வாய். கல் முழுக்க மஞ்சள் காப்புப் பூசத் தட்டு தயார். ஊர் முன்னால் உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"நான் பொய் சொன்னேன் அத்தை. உடைச்சிருவாகளேன்னு சொன்னேன். இது வேப்பிலையே இல்ல. ஓரத்துல பல்லு இருக்கா, பாருங்க!"

பூசாரி கூத்தையா சிரித்தார். "ஆத்தாவுக்கு எதுக்குத்தா பல்லு? கறியா திங்கப் போறா?"

"அப்ப போன மாசம் வெட்டுன கிடாயை யாரு தின்னது பூசாரி?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சிரிப்பு அடங்க நேரமானது.

ராமலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்குப் பேசுனது நீயில்லத்தா. ஆத்தாதேன் உன் நாக்குல நின்னா. இன்னைக்குத்தேன் நீ பேசுற."

"சத்தியமா நான்தான் அத்தை..."

"வாயை மூடு! எம்புள்ள எந்திரிச்சு நடக்கான்ல?"

நடப்பது அவள் தாலி அல்லவா!

"வாக்குச் சொன்ன பிள்ளைதேன் மொதல்ல பூசணும்" என்றார் கூத்தையா. "குலவை போடுங்கத்தா!"

சுற்றிலும் பெண்கள். விலகி ஓட ஓர் இடைவெளி இல்லை. மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து மஞ்சளில் தோய்த்து, இலையின் மேல் அழுத்தினாள். விரலுக்கடியில் ஏதோ பொடிந்தது. நரம்பு நரம்பாய் மஞ்சள் இறங்கியது. முருகலட்சுமி விம்மி விம்மி அழுதாள்.

"பாருங்கடி!" ராமலெட்சுமி கைகூப்பினாள். "ஆத்தா வந்துட்டா!"