திரௌபதி சொன்ன இருபது கேள்விகள்

எழில் லாட்ஜில் போன் எடுப்பதுதான் திரௌபதிக்கு வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. பதினாலு ரூம், ஒரு போன், ஒரு திரௌபதி. இப்போது அந்தப் போன் அடிப்பதே இல்லை. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் கிளம்பும்போதே செல்போனில் ஏஐயிடம் கேட்டுவிடுகிறார்கள். அது எந்த லாட்ஜ் பேரைச் சொல்கிறதோ அங்கே போய் இறங்குகிறார்கள். எழில் லாட்ஜ் பேரை அது சொல்வதில்லை. புதன்கிழமை என்றால் பத்து ரூம் பூட்டியே கிடக்கும். அடிக்காத போனுக்கு ஆள் எதுக்கு, புரட்டாசியோட நின்னுக்கம்மா என்று முதலாளி பலராமன் சொல்லிவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. காலி ரூமைப் பார்த்தால் அவருக்குத் தலை கிறுகிறுக்கும், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் சென்னைக் கம்பெனி ஒன்று அவரைப் பிடித்தது. இருபது கேள்வி எழுதிக் கொடுத்தால் தினமும் அதை ஏஐயிடம் கேட்டு, பதிலில் லாட்ஜ் பேர் வருகிறதா என்று பார்த்து வாரா வாரம் சொல்வார்களாம். பலராமன் உட்கார்ந்து தானே எழுதினார். 'எழில் லாட்ஜ் எப்படிப்பட்ட லாட்ஜ்?' முதல் கேள்வி. 'எழில் லாட்ஜில் தங்கலாமா?' ரெண்டாவது. பதினெட்டு வரைக்கும் இதே ரகம். கடைசி ரெண்டும் பௌர்ணமி கிரிவலத்துக்கு எங்கே தங்குவது என்பது. முதல் வாரம் இருபதுக்குப் பதினெட்டு வந்தது. எல்லாருக்கும் காராபூந்தி வாங்கிக் கொடுத்தார். அந்தப் புதன்கிழமையும் பத்து ரூம் பூட்டித்தான் இருந்தது.

"பேரைச் சொல்லிக் கேட்டா, அது அந்தப் பேரைச் சொல்லாம வேற இன்னாங்க பண்ணும்?" என்றாள் திரௌபதி.

"பௌர்ணமி கேள்வியும்தான் போட்டிருக்கேன்."

"பௌர்ணமிக்கு மொட்டை மாடியிலயே பாய் போட்டு விடறோம். அன்னிக்கு வர்றவங்களத் திருப்பி அனுப்பறதே எனக்குப் பெரும்பாடா இருக்குது. அதுக்கு எதுக்குங்க கேள்வி?"

பலராமனுக்குச் சுருக்கென்றது. "அப்ப நீயே சொல்லேன்" என்று நோட்டைத் தள்ளினார்.

அவள் யோசிக்கவே இல்லை. முட்டி வலிக்காரங்களுக்குக் கீழ ரூம் இருக்குமா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? விடியகாலை மூணு மணி பஸ்ல வந்து இறங்குனா கேட்டைத் தொறப்பீங்களா? பொம்பளைங்க ரெண்டு பேர் மட்டும் வந்தா ரூம் குடுப்பீங்களா? இப்படியே மூச்சு விடாமல் இருபது. எல்லாம் போனில் கேட்டவை, ஒன்றுகூடக் கற்பனை இல்லை.

அடுத்த வாரம் இருபதுக்குச் சைபர்.

"பதினெட்டு வந்துட்டிருந்துது. உன் பேச்சைக் கேட்டுச் சைபர்" என்றார் பலராமன்.

"அது பொய்ப் பதினெட்டுங்க. இது நெஜச் சைபர். பத்தொம்போது வருஷமா இதுக்கெல்லாம் நான் வாயாலதான் பதில் சொல்லிட்டிருக்கேன். எங்கியும் எழுதி வெக்கல. அதுக்கு எப்படித் தெரியும்?"

அதனால் அவள் சொல்லச் சொல்ல, பலராமன் லாட்ஜின் இணையப் பக்கத்தில் ஏற்றினார். லிஃப்ட் கிடையாது, கீழே ரெண்டு ரூம் உண்டு. வெந்நீர் காலை ஒன்பது வரைக்கும்தான்.

"இருபத்துநாலு மணி நேரமும்னு போட்டுடலாமே?"

"பத்து மணிக்கு வாளியைத் தூக்கிட்டு என்கிட்டதான வந்து நிப்பாங்க?"

ஒன்பது என்றே போட்டார்.

ஆவணிக் கடைசியில் இருபதுக்கு ஏழு வந்தது. புரட்டாசியில் பதினொன்று. புதன்கிழமைகளில் ரெண்டே ரூம்தான் பூட்டிக் கிடந்தன. ஒருநாள் ஓசூரிலிருந்து ஒரு குடும்பம், தடி ஊன்றிய அம்மாவோடு வந்தது. திரௌபதி வாயைத் திறக்குமுன் அந்த ஆள் செல்போனைப் பார்த்துத் தன் மனைவியிடம், "கீழ ரூம் இருக்கு. வெந்நீர் ஒன்பது வரைக்கும்தானாம், சீக்கிரம் குளிங்க" என்றான். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னதெல்லாம் அவள் வார்த்தைதான். முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம், தெரிந்ததையெல்லாம் தானே வாரிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. போன் அடித்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஐப்பசிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பலராமன் வந்து, "கேள்வியெல்லாம் பழசாயிடுச்சுன்னு கம்பெனியில சொல்றாங்க, மாத்தணுமாம். இந்த தபா ஏஐயையே கேட்டு எழுதிக்கறேன். உனக்கெதுக்குச் சிரமம்" என்றார்.

"கேளுங்க. காலையில ஒரு குடும்பம் வாசல்லயே நின்னு என்னை ஒண்ணு கேட்டுட்டு, ரூம் எடுக்காம திரும்பிப் போச்சு. இன்னா கேட்டாங்கனு அதையும் சேர்த்துக் கேளுங்க."

"அதுக்கு எப்படித் தெரியும்? உன்கிட்டதான கேட்டாங்க?" என்றவர், சொன்ன கையோடு நோட்டை அவள் பக்கமே தள்ளினார்.

ஐப்பசி ஒண்ணாம் தேதி போன் லைனை எடுத்துவிட்டார்கள். திரௌபதி நின்றுவிடவில்லை. வருகிறவர்கள் கேட்பதையெல்லாம் கேட்டு வைக்க, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் குடும்பம் கேட்டது என்ன என்பதை, அந்த மாசச் சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் பலராமனிடம் சொன்னாள். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சிக்கொள்ள இடம் கிடைக்குமா என்று கேட்டார்களாம். கிடைக்காது என்று சொல்லி அனுப்பியதும் அவள்தான்.