வட்டக்கானலில் இன்டர்நெட் இல்லாத ஞாயிறு

எங்கள் விடுதிக்கு வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் முதுகுப் பையைக் கீழே வைக்கும் முன்பே ஒன்றைக் கேட்பார்கள். தண்ணீர் அல்ல, வெந்நீரும் அல்ல. 'பாஸ்வேர்ட்.' முதல் தடவை ஒரு பெண் அப்படிக் கேட்டபோது நான் இழுப்பறையைத் திறந்து, பதிவுக்காக அப்போதுதான் வாங்கி வைத்திருந்த அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினேன். அறை இல்லையென்று அனுப்புகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது, முகம் வாடிவிட்டது. முதலாளியம்மா வந்து சுவரில் மின்னிக்கொண்டிருந்த சின்ன இன்டர்நெட் பெட்டியைக் காட்டி விளக்கிய பிறகுதான் இருவரும் சிரித்தோம். கொடைக்கானலுக்குப் பக்கத்து வட்டக்கானலில் இந்த விடுதியில் சமைப்பதும் நான்தான், சாவி கொடுப்பதும் நான்தான். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினாறு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, இந்த மலைக்கு வந்து இருபத்தேழு வருஷமாகிறது. அங்கேயே இருந்துவிட்ட உங்களுக்கும், என்னைப் போல இங்கே வந்து சேர்ந்தவர்களுக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் சிரிப்புக்குரியதாக இருந்ததில்லை. தோட்டத்து ஆட்களை இரண்டு அரசும் பங்குபிரித்துக்கொண்டபோது அப்பாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் அம்மாவும் நானும் அடக்கம். அக்கா காமாட்சி அதற்குள் கல்யாணமாகிப் போயிருந்தாள். அத்தானுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்களாகிவிட்டோம். புறப்பட்ட அன்று ரயில் ஸ்டேஷனில் எங்கள் தகரப் பெட்டியை ஏற்ற மறுத்த போர்ட்டரோடு அக்கா சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஜெயித்தாள், பெட்டி ஏறியது, அந்த நேரத்தில் கோச்சியும் நகர்ந்துவிட்டது. ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அத்தானும் அவளும் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். முதலில் கடிதம் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு வரவில்லை. அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். இங்கே பெருமாள்மலையில் எங்கள் ஆட்கள் இருக்கும் தெருவுக்குப் பெயர் சிலோன்காரங்க தெரு.

போர் முடிந்த அந்த வருஷம், ஐந்தாறு மாதம் கழித்து, எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து அக்கா மகள் ஜெயாவின் போன் வந்தது. அத்தானும் ஜெயாவின் தம்பியும் உயிரோடு இல்லை. அக்காவும் அவளும் வெளியே போக விடாத முகாமில் இருக்கிறார்கள். ஷெல் விழுந்ததில் அக்காவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. போனைக் கொடுத்தாலும் பயனில்லை, எழுதினால் படிக்கவும் தெரியாது. "மாமா, உங்களை ஒருக்காப் பாக்கோணும் எண்டுறா. வேற ஒண்டும் கேக்கிறா இல்லை" என்றாள். வரும் ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் காது காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் பாஸ் கிடைத்திருக்கிறது, பக்கத்தில் ஒரு பாதிரியாரிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, பத்து மணியிலிருந்து பதினொன்று வரை அதில் முகம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

முதலாளியம்மா தன் லேப்டாப்பைத் தந்தார். விடுதியில் தங்கியிருந்த இஸ்ரேல் பெண் ஒருத்தி சனிக்கிழமை முழுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே அமுக்குவது, எங்கே பார்ப்பது என்றெல்லாம். திரையில் என் முகத்தையே பார்த்தபோது, இந்த நரைத்த ஆளை அக்காவுக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று கவலையாக இருந்தது. முடிவெட்டிக்கொண்டு வந்தேன். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். கீழே மூலையில் சிக்னல் முழுசாக இருந்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. இஸ்ரேல் பெண்ணை எழுப்பினேன். அவள் போர்வையோடு வந்து உட்கார்ந்தாள். பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் தொடர்பு இருக்கிறது, பெட்டிக்கு வெளியேதான் ஒன்றும் இல்லை என்று கையால் காட்டினாள். திரையில் 'லோக்கல் ஒன்லி' என்று எழுதியிருந்தது. பெட்டியை அணைத்து, அறுபது எண்ணி, மறுபடி போட்டோம். தொடர்பைத் துண்டித்துப் பாஸ்வேர்டைப் புதிதாக அடித்தோம். லேப்டாப்பையே அணைத்துப் போட்டோம். அவளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்தாள், அதிலும் அதேதான். வயரை நேராகச் செருகிப் பார்த்தாள், அப்படியும் இல்லை. பெட்டியில் மூன்று விளக்குகள். இரண்டு நிலையாக எரிந்தன, மூன்றாவது மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் மேசை மேலிருந்த டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள். பிறகு என் காதில் வைத்தாள். வழக்கமான 'கொர்' சத்தம் இல்லை. இன்டர்நெட்டும் அந்த டெலிபோன் கம்பியில்தான் வருகிறது. "டெட்," என்றாள். எனக்கு யார் என்று கேட்கத் தோன்றியது.

வட்டக்கானலில் செல்போன் எடுப்பது சாலை வளைவில் ஓரிடத்தில் மட்டும்தான். அங்கே ஓடிப்போய் டெலிபோன் லைன்மேனைக் கூப்பிட்டேன். திண்டுக்கல் பக்கத்துக்காரர், பழக்கமானவர்.

"பெருமாள்மலைக்குக் கீழ மரம் விழுந்து கேபிளு அந்து கெடக்குண்ணே. மண்ணும் சரிஞ்சிருக்கு. மலை பூராவுக்கும் இல்ல."

"பத்து மணிக்குள்ள வந்துருமா?"

"பத்து மணிக்கா? மழை விட்டாத்தான் சோலியவே ஆரம்பிக்க முடியும். நாளைக்கு வெள்ளனே பாப்பம். ஏண்ணே பறக்குறீங்க? வெள்ளக்காரங்க ரெண்டு நாளு மெயில் பாக்கலேன்னா உசுரா போயிரும்?"

மலைக்கே இல்லையென்று அவர் சொல்லியும் மனம் கேட்கவில்லை. கிடைத்த ஜீப்பில் ஏறிக் கொடைக்கானலுக்குப் போனேன். ஏரிச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. உள்ளே எட்டு கம்ப்யூட்டரும் எரிந்துகொண்டிருந்தன. எட்டிலும் பிள்ளைகள் கார் பந்தய விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நெட் இல்ல சார். கேம் வேணா ஆடலாம்," என்றார் கடைக்காரர்.

"ஒரு தடவ பாத்துரலாமா? எங்கக்கா வருவாங்க."

"அக்காவ எங்க வரச் சொன்னீங்க? இங்கயா?" என்று வாசலைப் பார்த்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வரட்டும், ஒக்காருங்க," என்றார். நானும் உட்கார்ந்தேன்.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குச் செல்போன் அடித்தது.

"மாமா, நாங்க வந்திட்டம். அம்மா முன்னுக்கு இருக்கிறா. உங்கட படம் வரேல்லையே?"

சொன்னேன். மரம் விழுந்தது, கேபிள் அறுந்தது, எல்லாம் சொன்னேன். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றாள் ஜெயா. பார்த்தோம். பத்தரைக்கு மறுபடி கூப்பிட்டாள். பத்தே முக்காலுக்கும் கூப்பிட்டாள். நான் கடைக்காரரைப் பார்ப்பேன், அவர் உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ஜெயா, "ஃபாதருக்குப் பூசைக்கு நேரமாகுது மாமா. அம்மா கதைக்கோணுமாம்," என்று போனைக் கொடுத்தாள்.

அக்காவின் குரல் பெரிதாக வந்தது. காது கேளாதவர்கள் பேசும் சத்தம். ஆனால் அது லயத்துக் குரல். எங்கள் தோட்டத்துப் பேச்சு, வன்னியில் இத்தனை வருஷம் இருந்தும் மாறவில்லை.

"தம்பி, நீ பேசுறது எனக்கு வெளங்காதுடா. நானே பேசிட்டு வைக்கிறேன். பொட்டியில கருப்பாத்தான் தெரியுது. ஒனக்கு நான் தெரியுறேனா என்னமோ. அம்மாவுக்குக் கடேசியா நீதான் தண்ணி குடுத்தியாமே, ஜெயா கையால காட்டிச் சொன்னா. நல்லது. ஒன்னைய ஒரு தடவ பாத்துட்டா போதும்னு வந்தேன். சரி, அடுத்த தடவ வெரசா வரப் பாக்குறேன்."

"அக்கா!" என்று கத்தினேன். கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். "அக்கா, நான் இருக்கேன்." விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் எழுந்து வந்து, "மெதுவாப் பேசுங்க சார்," என்றார். அதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாம் நாள் கேபிள் சரியானது. மூன்று விளக்கும் நிலையாக எரிந்தன. விடுதியில் எல்லோரும் கை தட்டினார்கள். பாதிரியாரிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது, கூடவே ஒரு படம். தலையைப் படியச் சீவி, பெரிய பொட்டு வைத்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் அக்கா. அப்படியே எங்கள் அம்மாவின் முகம். மறுபடி பாஸ் வாங்க ஜெயா எத்தனையோ தடவை அலைந்தாள். கொடுக்கவில்லை. தை மாதம் காய்ச்சலில் அக்கா முகாமிலேயே இறந்துபோனாள். அந்தச் செய்திக்கு இன்டர்நெட் தேவைப்படவில்லை, போனிலேயே வந்துவிட்டது.

இங்கே யார் செத்தாலும் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவது வழக்கம். அவளுக்காக நான் செய்யக்கூடியதாக எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன்.

"ஊரு என்னன்னு போட?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

ஹட்டனைச் சொன்னேன், வன்னியைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன்.

"அண்ணே, ஒரு வரிக்குத்தான் எடம் இருக்கு. எங்க ஒட்டப் போறீங்க?"

"பெருமாள்மலையில."

"அப்ப அதையே போட்டுருவோம்."

சரி என்றேன்.

பெருமாள்மலை பஸ் நிறுத்தத்துச் சுவரில் நான்கு பிரதிகளை வரிசையாக என் கையாலேயே ஒட்டினேன். பசை காய்வதற்குள் ஒரு பெண்மணி வந்து நின்று வாய்விட்டுப் படித்தார். "பெருமாள்மலைன்னு போட்டிருக்கு. நான் பொறந்து வளந்ததே இங்கதான், இந்தம்மாவ ஒருநாளும் பாத்ததில்லையே. ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"எங்கக்கா."

"அப்படியா! எந்தத் தெருவுல இருந்தாங்க?"

அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். நான் காகிதத்தின் ஓரத்தை மறுபடி அழுத்தி ஒட்டினேன். வத்தலக்குண்டு பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார். மேலிருந்து பனி இறங்கி வந்தது. கடைகளில் விளக்குப் போட்டார்கள். சுவரில் நான்கு காகிதங்களில் நான்கு அக்காமார் வரிசையாக உட்கார்ந்து, தாங்கள் ஒருநாளும் நடந்திராத அந்தச் சாலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.