மொம்பாசாவில் உடைத்த புளி

கென்யக் கடலோரத்தில் முதுகுப்பையுடன் தனியாகச் சுற்றிய மூன்று வாரங்களும், ஊர் கேட்டவர்களிடம் சென்னை என்றே சொன்னேன். 'மலைக்காரி' என்று கல்லூரியில் பட்ட கேலி அப்படிச் சொல்ல வைத்தது.

கடைசியாக மொம்பாசாவில் நான் தங்கிய வீட்டின் உரிமையாளர் ஆமினா, மீன்குழம்புக்குப் புளியம்பழம் உடைத்துக்கொண்டிருந்தார். நானும் அமர்ந்து, ஓட்டை நொறுக்கி, நாரை ஒரே இழுப்பில் உரித்துக் கொட்டையைத் தட்டி எடுத்தேன். அவர் கை நின்றுவிட்டது.

"சென்னையில் அவ்வளவு புளியமரமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை. என் ஊர் ஜவ்வாது மலை."

சொன்னதும் முதுகு தானே நிமிர்ந்தது.

அன்று மாலை தொலைபேசியில் அம்மா சிரித்தார். "அம்மாந்தூரம் போயும் புளிதான் ஒடச்சியா? இன்னா ஊருன்னு சொன்ன?"

"நம்ம மலைன்னுதாம்மா."

முந்தைய மூன்று வாரங்களைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன். கீழே என் பெயர் வேண்டாம். ஊர் இருக்கட்டும்.

— ஜவ்வாது மலை