வண்டி பழக்கும் பானுப்ரியா

புதிதாக வருகிற பெண்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்.

"விழுந்துட்டா என்னக்கா பண்றது?"

பானுப்ரியா அதற்குப் பதில் சொல்ல மாட்டாள். எஞ்சினை அணைத்து வைத்து, ஸ்கூட்டரில் ஏறி உட்காரச் சொல்வாள். பின்னாலிருந்து மெல்லத் தள்ளுவாள். நாலடி போனதும் "புடிங்க" என்பாள். பிரேக்கைப் பிடித்தால் வண்டி நிற்கும். மறுபடி தள்ளுவாள், மறுபடி "புடிங்க". முதல் நாள் முழுக்க இவ்வளவுதான். ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்குச் சலிப்பாகக்கூட இருக்கும்.

"நிறுத்தத் தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குப் பயப்படப் போறீங்க?" என்பாள் அவள்.

திண்டுக்கல் ஊரெல்லையில், வீடு கட்டாமல் கிடந்த பெரிய காலிமனை ஒன்றுதான் அவளுடைய மைதானம். காலை ஆறு மணிக்கு அங்கே நாலைந்து பெண்கள் நிற்பார்கள். நர்ஸ், மில் வேலைக்காரி, பூ மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய தாய் என்று பலரும் வருவார்கள். அந்த மனைக்குள் ஒரே ஒரு சட்டம் உண்டு. "எனக்கு வராது" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் எவ்வளவு களைத்திருந்தாலும் இன்னொரு சுற்றுப் போய்வர வேண்டும். பெண்கள் சிரித்துக்கொண்டே சுற்றுவார்கள். சுற்றி முடித்தால் வராதது வந்துவிட்டிருக்கும்.

அந்தப் பெண்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வார்த்தையைப் பானுப்ரியாவே பத்தொன்பது வருடமாக உள்ளுக்குள் வைத்திருந்தாள்.

அவள் பிறந்தது பக்கத்து அகரம் கிராமத்தில். அப்பா பொம்மையன் சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுகிற விவசாயி. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கணக்கு வாத்தியார் அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வரிகூட எழுத வரவில்லை. "உனக்குக் கணக்கு வராதும்மா, போய் உக்காரு" என்றார் அவர். அதட்டவில்லை. இன்றைக்கு மழை வராது என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். வகுப்பு சிரித்தது. பானுப்ரியா போய் உட்கார்ந்தாள். தன் உயரத்தையும் நிறத்தையும் ஏற்றுக்கொண்டதுபோல அதையும் ஏற்றுக்கொண்டாள். பத்தாவதில் நாலு பாடம் பாஸ், கணக்கில் பத்தொன்பது. வீட்டில் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. அடுத்த மாதமே வேலைக்கு ஏற்றிப்போக மில் வேன் அவள் தெருவுக்கு வந்து நின்றது.

கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகுதான் வண்டி அவள் வாழ்க்கைக்குள் வந்தது. கணவன் கமலக்கண்ணன் டூவீலர் மெக்கானிக். பழுது பார்க்க வந்த ஸ்கூட்டர்களைத் தெருவில் ஓட்டிப் பார்த்துப் பார்த்தே பழகினாள். பக்கத்து வீட்டுக்காரி தனக்கும் பழக்கிவிடச் சொன்னாள். அப்புறம் அவள் தங்கச்சி வந்தாள். விஷயம் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த இருளப்பன் காதுக்குப் போனது. பெண்களுக்கு வண்டி பழக்கிவிட அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார். அதாகி எட்டு வருடம் ஓடிவிட்டது.

போன வருடம் ஜனவரியில் காதர் பீவி டீச்சர் வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்பது, வீடு பேகம்பூரில். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. காலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

முதல் நாளே அவர் வண்டியின் மேல் உட்கார மறுத்தார்.

"பன்னண்டு வயசுல சைக்கிள் ஓட்டுனேம்மா. முன்னால எந்தம்பிய வச்சுக்கிட்டு. விழுந்து அவனுக்குக் கை ஒடிஞ்சுபோச்சு. எங்க அத்தா ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமாப் போச்சு. அன்னையிலருந்து நான் எதையும் தொட்டதில்ல."

"தம்பி இப்ப எப்படி இருக்காரு?"

"துபாய்ல லாரி ஓட்டுறான்."

"அவரு கையி சரியாகி லாரியே ஓட்டுறாரு. நீங்க இன்னும் கீழயே விழுந்து கெடக்கீங்களே டீச்சர்" என்றாள் பானுப்ரியா.

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தார்.

மூன்று வாரத்தில் அவரால் மனையை முழுதாகச் சுற்றிவர முடிந்தது. அப்படிச் சுற்றிவந்து நின்ற ஒரு காலையில்தான் இருளப்பன் அங்கே வந்தார்.

"ஏம்மா பானு, நான் மகன் வீட்டோட கோயம்புத்தூர் போயிரலாம்னு இருக்கேன். ஸ்கூல நீயே எடுத்து நடத்து. பொம்பளைக பூராம் உன்னயத் தேடித்தான வர்றாக. ஒண்ணே ஒண்ணுதான். லைசென்ஸ் உம்பேருக்கு மாத்தணும்னா பத்தாவது பாஸாயிருக்கணுமாம்."

பானுப்ரியா தடம் காட்ட வைத்து, தரையில் சாய்ந்து கிடந்த பிளாஸ்டிக் கோனை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அது சரிப்படாது சார். நான் கணக்குல பெயிலு. எழுதுனாலும் பெயிலுதான். எனக்கு வராது."

சொல்லி முடித்துத் திரும்பினாள். நாலு பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காதர் பீவி டீச்சர் வண்டியைவிட்டு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை நீட்டினார்.

"ஒரு ரவுண்டு போயிட்டு வா பானு."

இருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. பானுப்ரியா முகம் சிவந்துபோனது. ஆனால் சட்டம் சட்டம்தானே. ஏறி ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்பி வந்து நின்றபோது கண்ணில் நீர் கோத்திருந்தது. தூசி விழுந்துவிட்டதென்று துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே டீச்சர் அவளை வீட்டுக்கு வரச் சொன்னார். தவறிய பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம், ஜூலையில் பரீட்சை இருக்கிறது என்றார்.

முதல் பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நோட்டைத் திறந்ததும் பானுப்ரியாவின் உள்ளங்கை வேர்த்துவிடும். டீச்சர் சொல்லும்போது புரிந்த மாதிரி இருக்கும். பேனாவை எடுத்தால் அந்தப் பழைய கரும்பலகை வந்து எதிரில் நிற்கும். இருபத்தாறு வருட அனுபவம் உள்ள டீச்சர், இதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் பலமுறை டீ போட எழுந்து போனார்.

வழி கிடைத்தது மைதானத்தில்தான். லைசென்ஸ் டெஸ்ட்டில் எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். அதைப் பழக்க பானுப்ரியா தரையில் எட்டுப் போடுவாள். இரண்டு முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துச் சுற்றிவந்து சுண்ணாம்புப் பொடி தூவுவாள். டீச்சர் ஒருநாள் வண்டியை ஓரம்கட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு எம்புட்டு நீளம் பானு?"

"என் காலுக்கு ஏழு அடி டீச்சர். கொறைஞ்சா பழகுறவங்களுக்குத் திரும்பாது. கூடுனா மனைக்குள்ள அடங்காது."

"ரெண்டு முளைக்கும் நடுவுல?"

"பதினாலு. அப்பத்தான் ரெண்டு வட்டமும் ஒரே எடத்துல தொடும். இல்லேனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிரும்."

"இந்த வட்டத்துல போயிக்கிட்டே இருக்கோம். இந்த எடத்துல ஹேண்டில்பாரை நேராக்கிட்டா வண்டி எங்கிட்டுப் போகும்?"

பானுப்ரியா யோசிக்கவே இல்லை. காலாலேயே மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். வட்டத்தைத் தொட்டுக்கொண்டு, உள்ளே போகாமல், நேராக வெளியே ஓடியது அந்தக் கோடு.

"இதுக்குப் பேரு தொடுகோடு" என்றார் டீச்சர். "பத்தாவது புத்தகத்துல இருக்கு. பரீட்சைக்கும் வரும்."

"சும்மா மனசத் தேத்தாதீங்க டீச்சர்" என்றாள் பானுப்ரியா, கொஞ்சம் கோபமாகவே.

மறுநாள் டீச்சர் புத்தகத்தைக் கொண்டுவந்து பக்கத்தைக் காட்டினார். அவள் அதிலிருந்த படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். அதன் பிறகு ஒரு மாதம், பெண்கள் கிளம்பிப் போனதும், நோட்டுக்குப் பதில் மண்ணில் பாடம் நடந்தது. குச்சியும் கயிறும்தான் கருவி. மண்ணில் வந்தது மெல்ல மெல்ல நோட்டுக்கும் வந்தது. எல்லாமும் அப்படி வரவில்லை. இயற்கணிதம் கடைசிவரை மல்லுக்கு நின்றது.

இடையில் டீச்சர் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டார். வண்டியும் வாங்கினார். ஆனால் ஊருக்குள் ஓட்ட மாட்டார். பேகம்பூரிலிருந்து சந்துபொந்தெல்லாம் புகுந்து, கூட்டமில்லாத ரோடாகப் பார்த்துப் பள்ளிக்கூடம் போய்வருவார்.

ஜூலையில் பானுப்ரியா பரீட்சை எழுதினாள். ஆகஸ்டில் ரிசல்ட் வந்தது. முப்பத்தொன்று. நாலு மார்க்கில் போய்விட்டது.

காய்ச்சல் என்று சொல்லி மைதானத்துக்கு லீவு விட்டாள். போனை எடுக்கவில்லை. கமலக்கண்ணன் ஒர்க்‌ஷாப்பிலிருந்து சாப்பிட வந்தபோது, "விடு, பத்தாவது பாஸ் பண்ணித்தான் நம்ம பொழைக்கணுமா?" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவளுக்கு அது இன்னும் பாரமாக இருந்தது. சுருண்டு படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் மத்தியானம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பானுப்ரியா எட்டிப் பார்த்தாள். காதர் பீவி டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் நடுங்கியதில் கொக்கி கழலவில்லை. பானுப்ரியா ஓடிப்போய்க் கழற்றிவிட்டாள். டீச்சரின் முகமெல்லாம் வேர்வை.

"தண்ணி குடு."

ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்து முடித்தார்.

"எந்த வழியா வந்தீங்க டீச்சர்?"

"பஸ் ஸ்டாண்டு வழியாத்தான். உங்க வீட்டுக்கு வேற வழி ஏது?"

"தனியாவா?"

"பின்ன, யாரு கூட வருவா? ரெண்டு எடத்துல நின்னுட்டேன். ஒரு பஸ்ஸுக்காரன் பின்னால ஹாரன் அடிச்சே கொன்னுட்டான். ஓரமா நிறுத்தி, அவன் போனதும் எடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நீ போன எடுக்கல, அதான்" என்றார்.

பானுப்ரியா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கை இன்றைக்கு என்ன செய்திருக்கிறது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆறு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. டீச்சர் தேற்றவில்லை. அழுது முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

"வரைபடக் கேள்வி எழுதுனியா?" என்று கேட்டார் அப்புறம்.

"இல்ல டீச்சர். பார்த்ததும் இது நமக்கில்லன்னு பக்கத்தத் திருப்பிட்டேன்."

"அது எட்டு மார்க்கு பானு. உனக்கு வேண்டியிருந்தது நாலு."

பானுப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்டீங்களா டீச்சர்?" என்றாள். சோறு இருந்தது, தொட்டுக்கொள்ள வெஞ்சனம்தான் இல்லை. இரண்டு முட்டையைப் பொரித்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது, "திரும்பிப் போறப்ப நான் முன்னால போறேன், எம்பின்னாலயே வாங்க" என்று தன் வண்டியை எடுத்தாள். பேகம்பூர் வரைக்கும் கண்ணாடியில் டீச்சரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

இருளப்பன் கோயம்புத்தூர்ப் பயணத்தைத் தள்ளிவைத்தார். "எங்க போயிரப் போகுது கோயம்புத்தூரு?" என்றார். பானுப்ரியா அடுத்த ஏப்ரலுக்குப் பணம் கட்டினாள். இந்தத் தடவை தினமும் ஒரு வரைபடம் போட்டாள். கமலக்கண்ணன் ஒர்க்‌ஷாப்பை அடைத்துவிட்டு வந்து சமையலைப் பார்த்துக்கொண்டான். பரீட்சை ஹாலில் கேள்வித்தாளை வாங்கியதும் அவள் முதலில் வரைபடக் கேள்வியைத்தான் தேடினாள். கை வேர்த்தது. வேர்த்த கையோடே அச்சுகளை வரைந்தாள். புள்ளிகளைக் குறித்துச் சேர்த்தபோது கோடு நேராக வந்தது. அடுத்து தொடுகோடு. அதன் பிறகு தெரிந்ததெல்லாம் எழுதினாள், தெரியாததையும் தொடங்கியாவது வைத்தாள்.

நாற்பத்தாறு வந்தது. போனில் டீச்சரிடம் சொன்னாள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொன்னார் அவர்.

இப்போது டிரைவிங் ஸ்கூல் போர்டில் பானுப்ரியாவின் பெயர் இருக்கிறது. காலிமனையில் கூட்டம் அதிகமாகியிருக்கிறது. கணக்கில் பெயிலானதைப் புதிதாக வருகிறவர்களிடம் அவளே சொல்லிவிடுகிறாள், மறுபடி இரண்டு தடவை எழுதியதையும் சேர்த்து. அதைக் கேட்டு மில்லிலிருந்து வரும் மாலதி என்ற பெண் பாதியில் விட்ட பிளஸ் டூவை எழுதப் பணம் கட்டியிருக்கிறாள். மாலதி பாஸாவாளா என்பது இன்னும் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் கொடைரோட்டில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். "நீயும் வா, பின்னால உக்காரு" என்று பானுப்ரியாவை அழைத்தார். பின் சீட்டில் உட்கார்ந்தால் பானுப்ரியாவுக்குக் கால் ஒன்று எப்போதும் தரையில் ஊன்றத் தயாராகத் தொங்கிக்கொண்டிருக்கும். பழக்கிவிடுகிறவர்களின் வழக்கம் அது. சின்னாளப்பட்டிப் பிரிவு தாண்டும்வரை அப்படித்தான் வந்தாள். டீச்சர் அக்கா வைக்கும் மீன் குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒரு லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி ரோட்டுக்கு ஏறினார். எப்போது காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்டில் வைத்தாள் என்று பானுப்ரியாவுக்கே தெரியவில்லை. இடது பக்கம் சிறுமலை கூடவே வந்துகொண்டிருந்தது. அவள் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள்.