ஆயிரம் வாட்ஸும் குரவைச் சத்தமும்

இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, டெலிபோனும் இன்டர்நெட்டும் உள்ள கல்முனைக் கொமியூனிகேஷன் கடையில் உட்கார்ந்திருந்தேன்...

என் வெப்சைட்டைப் பார்க்க ஒரு ஹாஜியார் நேரில் வந்தார்!

(வெப்சைட்டைப் பார்க்க நேரில் வருவதா என்று சிரிக்காதீர்கள். ஊரில் கொம்ப்யூட்டர் இருக்கும் இடத்துக்கு வந்தால்தானே பார்க்கலாம்.)

கட்டாரிலும் லண்டனிலும் இருந்து இந்தக் குழு மெயிலைப் படிக்கும் பள்ளிக்கூடக் கூட்டாளிகளுக்கு முழு விஷயமும் தெரியாது. முதலில் இருந்தே சொல்கிறேன்.

கலியாண வீடுகளுக்கு ஸ்பீக்கர், லைட், பாட்டு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவதுதான் இப்போது என் தொழில். கார்டில் டீ.ஜே. என்று அடித்திருக்கிறேன். வாப்பா மட்டும் "ரேடியோக்காரன்" என்கிறார்.

நான்கு மாதத்துக்கு முன், ஒரு புத்தகத்தைப் பார்த்து நானே ஒவ்வொரு வரியாகத் தட்டி ஒரு வெப்சைட் செய்தேன். கறுப்புப் பின்னணி, மின்னி மின்னி மறையும் மஞ்சள் எழுத்து, இரண்டு பக்கமும் எரியும் நெருப்பு, திறந்ததும் தானாகவே வரும் இசை. பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

அதைப் பார்த்து ஒரு கலியாணமும் வரவில்லை.

போன மாதம் வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டாயிரம் பொறக்கிறத்துக்குள்ள ஒன்ட கொம்ப்யூட்டரால ஒரு கலியாணம் வரட்டும். இல்லாட்டி ஸ்பீக்கரெல்லாம் வித்துப்போட்டு மாமாட ஹாட்வெயார் கடையில போய் நில்லு."

(இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் உலகத்துக் கொம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடுமாம். நான் அதற்கு முன்னமே படுத்துவிடுவேன் போல இருந்தது.)

அப்போதுதான் தோஹாவில் இருந்து ஒரு மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். எங்கள் கல்முனைக்குடிப் பையன்தான்.

"தங்கச்சிக்குக் கலியாணம். ஒங்கட சைட்டப் பாத்தன். வாப்பாவ அனுப்புறன், அவருக்கும் காட்டுங்க. அவர் ஓமெண்டாச் சரி."

இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. படங்களைச் சின்னதாக்கினேன். (முன்பு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம்.) நெருப்பை அணைத்தேன். மின்னும் எழுத்தை நிறுத்தினேன். ஸ்பீக்கரின் பலம் "ஆயிரம் வாட்ஸ்" என்பதை மட்டும் இன்னும் பெரிதாக்கி உச்சியில் வைத்தேன்.

இன்று அந்தப் பையனின் வாப்பா ஹாஜியார், மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கதிரையில் இருந்தார். சாச்சி (ஹாஜியாரின் மனைவியை அப்படித்தான் கூப்பிட்டேன்) பின்னால் நின்று எட்டிப் பார்த்தா.

லைட்டைக் காட்டினேன். புகை மெஷினைக் காட்டினேன். வேனைக்கூடக் காட்டினேன். ஹாஜியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எனக்குக் கலியாணம் கைக்கு வந்த மாதிரியே இருந்தது.

சாச்சிதான் கேட்டா.

"ஆயிரமெண்டா எவ்வளவு சத்தம் மகன்?"

"காரைதீவு வரைக்கும் கேக்கும் சாச்சி."

"அப்ப எங்கட குரவை கேக்காதே."

(கலியாண வீட்டில் பெண்கள் நாக்கை அசைத்துப் போடும் குலவையைத்தான் சொல்கிறா.) சாச்சி நிறுத்தவில்லை.

"மூத்தவள்ற கலியாணத்துல மாப்பிள வாசலுக்கு வந்ததும் பொண்டுகள் எல்லாரும் சேந்து குரவ போட்டம். ரேடியோக்காரன் பாட்டக் குறைக்கவே இல்ல. போட்ட எங்களுக்கே எங்கட குரவ கேக்கல்ல. இண்டைக்கும் அதச் சொல்லி அழுவாள் மகள்."

ஹாஜியார் மெதுவாக எழுந்தார். "அப்ப சரி தம்பி, நாங்க போயிட்டு வாறம்."

நான்கு மாத வேலையும் கதிரையை விட்டு எழும்பிப் போகிறது!

"சாச்சி, எங்கட ராத்தா இரிக்கா, அவ பாத்துக்குவா" என்றேன் அவசரமாக.

"ஆரு ராத்தா?"

ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. ஒவ்வொரு கலியாணத்துக்கும் என்னோடு வருவா. நான் ஆண்கள் பக்கம். பெண்கள் பக்கத்து ஸ்பீக்கரும் வயரும் அவவின் பொறுப்பு. எல்லாப் பாட்டையும் நிறுத்தும் சுவிட்சும் அவவின் கையில்தான் இருக்கும். பெண்கள் குரவைக்கு வாய் திறக்கிற கணத்தில் பாட்டை வெட்டிவிடுவா. குரவை முடிந்த பிறகுதான் திரும்ப விடுவா. உள்ளே நடப்பது எனக்கு எங்கே தெரியும்? அவ இல்லாவிட்டால் நானும் அந்த ரேடியோக்காரன்தான்.

இதையெல்லாம் சொன்னேன். சாச்சி திரையை விரலால் காட்டினா.

"இதுல எங்க இரிக்கா அவ?"

எங்கும் இல்லை. புகை மெஷினுக்குப் படம் போட்டிருந்தேன், வேனுக்குப் போட்டிருந்தேன். ராத்தாவுக்கு ஒரு வரி இல்லை. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அவர்கள் முன்னாலேயே தட்டி ஏற்றினேன்: "பெண்கள் பக்கத்தை எங்கள் ராத்தா பார்த்துக்கொள்வார். குரவை போடும்போது பாட்டு நிற்கும். பாங்கு சொல்லும்போதும் நிற்கும்."

ஹாஜியார் அதை உரக்க வாசித்தார். சாச்சி யோசித்தா.

"இத மேல போடுங்க மகன். அந்த ஆயிரத்தக் கீழ இறக்குங்க."

(புத்தகத்தில் இல்லாத பாடம் இது.)

இறக்கினேன். ஹாஜியார் சிரித்துக்கொண்டே, "கலியாணம் ஒங்களுக்குத்தான் தம்பி" என்றார். அல்ஹம்துலில்லாஹ்!

சைக்கிளை மிதித்து வீட்டுக்கு ஓடினேன். வாப்பா ஒரு சட்டம் பேசினார்: "கொம்ப்யூட்டரால எங்க வந்தது? மனிசன் ரோட்டால நடந்துதானே வந்தாரு?" ஆனாலும் முகம் முழுக்கச் சிரிப்பு.

ராத்தா ஒன்றுதான் கேட்டா. "என்னையும் போட்டியா? பேரோடயா?"

"இல்ல, ராத்தா எண்டு மட்டும்."

"அப்ப சரி" என்று உள்ளே போனவ, உம்மாவிடம் அதை மூன்று தரம் சொன்னது எனக்குக் கேட்டது.

சந்தோஷத்தில் திரும்ப இங்கே வந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே தோஹாவில் இருந்து மெயில் வந்திருக்கிறது. அப்படியே போடுகிறேன்:

"உம்மா டெலிபோன்ல எல்லாம் சொன்னாங்க. அண்டைக்கு ராத்தா கட்டாயம் வருவாவா எண்டு மட்டும் உறுதியாச் சொல்லுங்க. ஒங்களுக்கு வேற கலியாணம் இரிந்தாப் பரவால்ல, நீங்க அங்க போங்க."

கூட்டாளிமாரே, இதற்கு நான் என்ன பதில் எழுத?